இரவல் கோட்டும் எட்டு ரூபாய் ஜீவனாம்சமும்

யுத்தத்துக்கு முன்பு விழுப்புரம் கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தேன். வீட்டுக்காரியோடு எனக்குச் சண்டை. காரணம் குழம்பில் உப்பு; சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் கைக்குழந்தையோடு திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பெண்ணுக்கு ஜீவனாம்சம் கேட்டு அங்கேயே கோர்ட்டில் மனுப் போட்டாள்.

கோர்ட் என்றதும், எதை உடுத்திக்கொண்டு போவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஒரு மிராசுதாருக்குத் தைத்த கோட்டு கடையில் தொங்கிற்று. அதை மாட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

"சோத்துக்கே தாளம்ங்க" என்றேன் மாஜிஸ்திரேட்டிடம்.

"கோட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்றார்.

மாதம் எட்டு ரூபாய் என்று உத்தரவாயிற்று. வேட்டி துண்டோடு போயிருந்தால் நாலு ரூபாயில் முடிந்திருக்கும். என் தையல் அவ்வளவு நேர்த்தி.

கொஞ்ச காலம் கட்டினேன். யுத்தம் வந்தது, துணிக்குத் தட்டுப்பாடு, கிழிசல் தைக்க வருபவர்கள்தான் மிச்சம். பாக்கி ஏறியது. தெருவில் காக்கி தெரிந்தால் மெஷினுக்கு அடியில் குனிந்து ஊசி தேடுவேன். ஒருநாள் அப்படித் தேடும்போது, "கெடச்சிதா?" என்று ஒரு குரல். நிமிர்ந்தால் வாரண்டோடு போலீஸ்காரர்.

திண்டிவனம் கோர்ட்டில், பாக்கியைக் கட்டு, இல்லாவிட்டால் ஒரு மாதம் ஜெயில் என்றார்கள். ஜெயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு ஊரே மாலை போட்ட காலம் அது. "ஜெயிலுக்கே போறேங்க" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

"போய் வந்தாலும் பாக்கி அப்படியேதான் இருக்கும்" என்றார் மாஜிஸ்திரேட். என் தலை தானாகத் தாழ்ந்தது.

அப்போது என் வீட்டுக்காரி எழுந்தாள். "ஐயா, இவர உள்ள வெச்சிக்கினா எம் பொண்ணுக்கு ஆர் சோறு போடறது? வெளியவே வுட்டுடுங்க. மெஷின்ல குந்திக்கினு தைக்கட்டும். வாராவாரம் நானே வந்து வாங்கிக்கிறேன்."

சொன்னபடியே வந்தாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு விழுப்புரம் சந்தைக்கு வருவாள். விற்று முடித்ததும் பெண்ணை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்து, இருந்த சில்லறையை வாங்கிப் போவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். யுத்தம் முடிந்தும் கொஞ்ச நாள் ஆயிற்று, பாக்கி அடைய.

மறுவாரமும் வந்து நின்றாள்.

"பாக்கிதான் தீந்துபோச்சே, இந்த மாச எட்டு ரூவாயும் குடுத்தாச்சே" என்றேன்.

"பாக்கி தீந்தா பொண்ணும் தீந்துட்டாளா? பாவாட குட்டையாப் போச்சி. அளவெடுங்க."

பெண் என் முன்னால் வந்து விறைப்பாக நின்றாள். இரண்டு முறை அளந்தேன், இரண்டும் வேறு வேறாக வந்தது. கண் சரியாகத் தெரியவில்லை.