பூக்கைக்குத் திரும்பிய கத்தி

கத்தி வைத்ததே தெரியவில்லை, பூ பட்டது மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய் அந்த முடிதிருத்துகிறவருக்குப் பூக்கை என்று பெயர் வந்தது. சலூனுக்கு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் கொடுப்பார்கள். பிறகு குடி வந்தது. முதலில் வேலை முடிந்த பின், அப்புறம் வேலைக்கு நடுவில், கடைசியில் வேலைக்குப் பதிலாக. ஒரு நாள் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் தாடையைக் கிழித்துவிட்டார். அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் ஆட்டக்கை.

சலூன் மனைவியின் தம்பியுடையது. அக்காவும் தம்பியும் சேர்ந்து அவரைக் குடியை நிறுத்தும் சிகிச்சை மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் ஒரு கிறிஸ்தவ வேதப்புத்தகம் கிடந்தது. முதலில் அதைக் கொசு அடிக்கத்தான் எடுத்தார். ஒரு மதியம் பொழுது போகாமல் நடுவில் பிரித்தார். நல்லா திட்டு விழும் என்றுதான் நினைத்தார். ஆனால் அதில் ஒருவன் கடவுளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். சேற்றில் புதைந்துகொண்டிருக்கிறேன், கூப்பிட்டுத் தொண்டை வறண்டுவிட்டது, உனக்குக் காது கேட்கவில்லையா என்கிற மாதிரி ஒரு சண்டை.

பூக்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடவுளிடம் இப்படியெல்லாம் பேசலாமா? பேசினவனை விரட்டாமல், அவன் புலம்பலை வேதத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறார்களே!

“இதுல நம்மள மாதிரி ஆளுங்கதான் நிறைய இருக்காங்க,” என்றார், பார்க்க வந்த மனைவியிடம்.

“நம்மள மாதிரி இல்ல, உங்கள மாதிரி,” என்றாள் அவள். ஆனாலும் வீட்டுக்குக் கிளம்பும்போது மையத்தில் கேட்டு அந்தப் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்தது அவள்தான்.

வீட்டில், குடிக்கிற ஆசை தொண்டைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பகுதியை வாய்விட்டு வாசிப்பார். ஆசை போய்விடாது. ஆனால் வாசித்து முடிக்கும்வரை கால் வாசலைத் தாண்டாது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மெல்ல அது மனப்பாடமே ஆகிவிட்டது.

கை நடுக்கத்துக்கு வேறு வழி பார்த்தார். தொழில் பழகும் புதிதில் செய்வதுபோல, பலூனை ஊதி, சோப்பு நுரை தடவி, கத்தியால் மழித்தார். கொஞ்சம் அவசரப்பட்டால் டமார்.

“போச்சா?” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். “நல்லவேளை, அதுக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல.”

பலூன்கள் பிழைக்க ஆரம்பித்த பிறகு மைத்துனன் அவரைக் கடைக்குக் கூப்பிட்டான். “முடி வெட்டலாம், சோப்பு போடலாம். கத்தி மட்டும் நான்தான் பிடிப்பேன். இனி ஒரு சொட்டு வாயில பட்டாலும் கடை வாசல் மிதிக்காதீங்க மாமா. அக்காவையும் நான் கூட்டிட்டுப் போயிடுவேன்.” கத்தி துடைக்கிற ஸ்பிரிட் பாட்டிலை இழுப்பறையில் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான்.

புது உற்சாகத்தில் பூக்கை ஒரு தப்புப் பண்ணினார். கன்னம், உதடு எல்லாம் நுரை தடவி உட்கார வைத்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் வேதம் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் முழிப்பார்கள், பதில் பேச முடியாது.

“மாமா, வாய்ல சோப்பு இருந்தா எதிர்த்துப் பேச மாட்டாங்கன்னுதானே இப்படிப் பண்றீங்க? நாளைக்கு ஒருத்தனும் வர மாட்டான்,” என்று மைத்துனன் கும்பிட்டான். அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு மத்தியானம் முடி வெட்டும் மெஷின் மக்கர் செய்தது. மைத்துனன் அதைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்க ஓடினான். போன அவசரத்தில் ஸ்பிரிட் பாட்டிலைப் பூட்ட மறந்துவிட்டான். கண்ணாடிக்குக் கீழே மூடிகூட இல்லாமல் நின்றது அது.

அது விஷம் என்று பூக்கைக்குத் தெரியும். தெரிந்தே முன்பு ஒரு தடவை வாய் வைத்து ஆஸ்பத்திரிவரை போய் வந்தவர். இருந்தும் வாசனை மூக்கில் ஏறியதும் நாக்கில் எச்சில் ஊறியது. மூடியைத் தேடுகிற சாக்கில் கை பாட்டிலின் கழுத்தைப் பிடித்துவிட்டது. விடவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையே முறைத்தபடி, சேற்றில் நின்றவனின் வார்த்தைகளைச் சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல குரல் அழுகையாகிவிட்டது.

“யார்கிட்டப்பா சண்டை?” வாசலில் அந்தப் பேருந்து ஓட்டுநர் நின்றிருந்தார். தாடையில் பழைய தழும்பு.

“கடவுள்கிட்டண்ணே,” என்றார் பூக்கை. “கோவிச்சுக்காம இந்த பாட்டிலை என் கையிலேர்ந்து வாங்கிட்டுப் போய் வெளியில வைங்க. என்னால விட முடியல.”

ஓட்டுநர் உள்ளே வந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாட்டிலை வாங்கி வாசற்படிக்கு அந்தப்பக்கம் வைத்தார். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

“டிப்போவுக்கு நேரமாச்சு. சவரம் பண்ணிவிடு.”

“மாப்ள வரட்டும்ணே. நான் கத்தி தொடுறதில்ல.”

“உதவி கேக்கத் தெரிஞ்சவன் கையை நம்பலாம். இன்னொரு தழும்பு போட்டேன்னா மட்டும் பஸ்ஸை உன் கடைக்குள்ளயே விட்டுருவேன்.”

பூக்கை நுரை தடவினார். கத்தியை எடுத்ததும் விரல் நடுங்கியது. கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார்.

“என்ன நிறுத்திட்ட? அந்தச் சண்டையை விட்ட இடத்துலேர்ந்து சொல்லு,” என்றார் ஓட்டுநர். “இந்தத் தடவை நானே காது குடுத்துக் கேக்குறேன்.”

பூக்கை சொன்னார். ஒரு வரிக்கு ஒரு இழுப்பு. முகத்தில் நுரை குறையக் குறைய, அந்த வரிகளில் சேற்றில் நின்றவனுக்குக் கால் வைக்க ஒரு பாறை கிடைத்தது. தழும்பின் மேல் கத்தி போகும்போது மட்டும் பேச்சை நிறுத்தி, மூச்சையும் நிறுத்திக்கொண்டார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. ரத்தம் எட்டிப் பார்க்கவில்லை.

மைத்துனன் திரும்பி வந்தபோது ஓட்டுநர் வழவழத்த தாடையைத் தடவியபடி படியிறங்கிக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த பாட்டிலை மைத்துனன் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அளவு குறையவில்லை. உள்ளே மாமா கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார், முகம் முழுக்க வேர்வை.

அவன் பாட்டிலை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். அப்புறம் தானே துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

“எனக்கும் பண்ணுங்க மாமா. வேதமும் சொல்லுங்க. ஆனா உதட்டுல சோப்பு வேணாம், நான் நடுவுல கேள்வி கேப்பேன்.”