கிழித்த கடைசித் தாள்

பெட்டியின் அடியிலிருந்து இன்று எடுத்த பழுப்புத் தாளில், தென்காசிச் சாரலின் ஈரம் ஏறிய காகித வாசனை இன்னும் இருந்தது. இப்போது லாட்ஜ் நிற்கும் இடத்தில்தான் என் பன்னிரண்டு வயதில் அந்த வாசகசாலை இருந்தது; பத்திரிகையைப் படித்து முடித்தவர்கள், அடுத்து வருபவர்களுக்காக, சிரிக்க எந்தப் பக்கம், அழ எந்தப் பக்கம், பயப்பட எந்தப் பக்கம் என்று அட்டையில் பென்சிலால் எழுதிவைப்பது அங்கே வழக்கம். துப்பறியும் கதைக்கு நேரே மட்டும், ஓய்வுபெற்ற குமாஸ்தா சங்கரன் அண்ணாச்சி கொலைகாரன் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவார். நான் அழுதால், "ஏட்டி, முடிவு தெரிஞ்சா என்ன கெட்டுப்போச்சு?" என்று சிரிப்பார்.

அவர் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்த ஒரு நாள், புது இதழ் முதலில் என் கைக்கு வந்தது. ஊருக்கே அந்த ஒரு பிரதிதான். 'பேய்க்கதை, பக்கம் முப்பது, அண்ணாச்சி அவசியம் படிக்கவும்' என்று அட்டையில் எழுதிவிட்டு, அந்தக் கதையின் கடைசித் தாளைக் கிழித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"கிணத்துக்குள்ள இருந்து கூப்பிட்டது யாருலே?" என்று, அந்தப் பேய்க்கதையைப் படித்ததிலிருந்து, வருகிறவர்களையெல்லாம் அவர் வருஷக்கணக்கில் கேட்டார். படுக்கையில் விழுந்த பிறகு, பார்க்கப் போன என்னிடமும் கேட்டார்.

"முடிவு தெரியாட்டி என்ன கெட்டுப்போச்சு, அண்ணாச்சி?" என்றேன்.