அடிபட்ட காது

தறிக்கட்டை எங்கள் சூப்பர்வைசரின் இடது காதின்மேல் விழுந்த சத்தம் இன்னும் எனக்குள் கேட்கிறது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போன்ற மந்தமான சத்தம். அவர் விழவில்லை. பெயிண்டு டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த அடி தோளில். மூன்றாவதற்குத்தான் முழங்கால் மடிந்தது.

ஐயம்பேட்டையில் நெசவாளர் வீடுகளை ஒட்டிய ஒரு ஷெட்டில் எங்கள் பட்டறை இருந்தது. செல்போன் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலைகளின் தரைக்குப் பூசுகிற கறுப்புப் பெயிண்டைச் செய்தோம். சாதாரணப் பெயிண்டில் மின்சாரம் ஓடாது. இதில் ஓட வேண்டும். நடப்பவர்கள் உடம்பில் சேரும் மின்சாரம் தரைவழியே இறங்காவிட்டால் அந்த நுண்ணிய உறுப்புகள் கெட்டுவிடும். அதற்காகக் கார்பன் இழையைக் குருணையளவு நறுக்கிப் பிசினில் கலப்போம். இழைகள் ஒன்றையொன்று தொட்டால்தான் மின்சாரம் கடக்கும். வேகமாகக் கலக்கினால் நொறுங்கிவிடும். "மெதுவா சுத்தும்மா, கூழு கிண்டுறாப்ல" என்பார் சூப்பர்வைசர். காய்ந்த பலகையில் மீட்டரின் இரு முனைகளையும் வைப்பார். முள் நகர்ந்தால் மட்டுமே சிரிப்பார்.

நறுக்கும்போது தூள் பறக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, முன்கையில் அரிக்கும். அந்தத் தூளிலும் மின்சாரம் ஓடும். ஒருமுறை அது பக்கத்து வீட்டு மீட்டர் பெட்டிக்குள் போய் மின்சாரம் நின்று, அந்த வீட்டு நெசவாளர் வந்து சத்தம் போட்டார். அதன்பிறகே வெளியேற்றும் விசிறியின் வாயில் வடிகட்டிப் பை கட்டினோம். அடி விழுந்த அன்று, பை தூளால் அடைத்துக்கொண்டது. வெக்கை தாங்காமல் நான் அதை அவிழ்த்துப் போட்டேன்.

மத்தியானம் பக்கத்து வீட்டில் மீட்டர் பெட்டி வெடித்தது. தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவு நூலில் பொறி விழுந்து பற்றிக்கொண்டது. நெசவாளரின் மனைவி வெறுங்கையால் அணைக்கப் பார்த்தார். ஒரு கை முழங்கைவரை வெந்துபோயிற்று. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நெசவாளர் தறிக்கட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு தம்பிகளோடு எங்கள் ஷெட்டுக்குள் வந்தார்.

"எம் பொண்டாட்டி கை வெந்து தோலு தொங்குது. பைய அவுத்தது எவன்டா?"

நான் டிரம்முக்குப் பின்னால் ஒதுங்கினேன். சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான்பா" என்றார்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்று, பையை அவிழ்த்தது நான் என்று சொன்னேன்.

"தெரியும்மா. நீ அவுக்குறப்போ பாத்துக்கினுதான் இருந்தேன். சாயந்தரம் சரக்கு போவணும்னு நானும் வுட்டுட்டேன்."

அங்கிருந்து நேரே நெசவாளர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, மனைவி மட்டும் இருந்தார். நிலைப்படியில் நின்று அவரிடம் சொன்னேன். கட்டுப்போடாத கையால் ஓங்கி அறைந்தார். பல் குத்தி என் உதடு கிழிந்தது. மூச்சு வாங்க நின்றுவிட்டுக் கேட்டார்:

"அந்த ஆளுக்கு காது கேக்குதா?"

"ஒண்ணு கேக்காதாம்மா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் நெசவாளர் ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை சூப்பர்வைசர் இன்றுவரை சொன்னதில்லை.

பட்டறை இப்போது முசரவாக்கத்துக்கு அப்பால், வீடுகளே இல்லாத இடத்தில் நடக்கிறது. சூப்பர்வைசரிடம் வலப்பக்கம் நின்று பேச வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், அவர் பேச்சை மாற்றிவிடுகிறார். அவர்களை நறுக்கும் அறைக்குள் விடுவதற்குமுன், காரணத்தை நான் சொல்லிவிடுகிறேன்.