நிமிஷத்துக்கு ஐம்பது

என் முதல் குழந்தை சளியில் போனாள். சுனாமி வந்த மறுவருஷம், ஐப்பசி மழையில். அவளுக்கு அப்போது ஏழு மாதம். சளிதானே என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாகப் பால் குடிக்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும், தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று நானேதான் பக்கத்து ஊருக்குத் தூக்கிப்போனேன். அங்கே ஒரு அம்மாள் குழந்தையின் கழுத்தையும் வயிற்றையும் நீவி, வாயிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். நம்பினேன். மறுநாள் காலையில் குழந்தையின் உதடு நீலம் பூத்திருந்தது. சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். புவனகிரி தாண்டும்போது மடியில் அசைவு நின்றுபோனது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பத்து நாள் கழித்து எங்கள் ஊருக்கு வரும் கிராம நர்ஸ் வந்தார். என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அது தொக்கம் இல்லம்மா. நிமோனியா. மொத நாளே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா பொழச்சிருக்கலாம். ஒங்கிட்ட பொய் சொல்லி என்னா ஆவப்போவுது."

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் இருந்தேன். அப்புறம் பையன் பிறந்தான். மூன்றாம் மாதம் தடுப்பூசி போட வந்தபோது நர்ஸ் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"சட்டையத் தூக்கிட்டு வயித்தப் பாரு. ஏறி எறங்குனா ஒண்ணு. முழுசா ஒரு நிமிஷம் எண்ணு. ஒரு வயசு வரைக்கும் அம்பதைத் தொடக் கூடாது. அழுவும்போது எண்ணாத. சும்மா கெடக்கும்போது எண்ணு."

"அம்பதைத் தாண்டுனா?"

"ஒடனே கொண்டா. விலாவுக்குக் கீழ குழி விழுந்துச்சின்னா எண்ணிக்கிட்டு நிக்காத. வண்டி ஏறு."

சொல்லிக்கொடுத்தது நல்லதற்குத்தான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. உலை பொங்கி அடுப்பு அணையும், நான் சுவர்க் கடிகாரத்தையும் அவன் வயிற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. நாற்பத்தாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். திருப்பாதிரிப்புலியூரில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை. கூட்டத்தில் யாராவது இருமிவிடுவார்கள் என்று பயம். ஒரே மாதத்தில் இரண்டு தடவை சேத்தியாத்தோப்பு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு தடவையும் அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. டிராக்டர் பட்டறையில் அரை நாள் சம்பளம் போயிருந்தது.

அவனுக்கு ஐந்து மாதம் முடிந்த கார்த்திகையில், இரண்டு நாளாக அடைமழை விடாத ஒரு காலை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எண்ணினேன், ஐம்பத்தெட்டு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்று. அப்போதுதான் விலாவுக்குக் கீழே பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் உள்ளே போய்ப் போய் வந்தது.

"மாமா, குழி விழுவுது."

வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். "போன வாரந்தான டாக்டரு ஒண்ணும் இல்லன்னாரு. சாயங்காலம் வரைக்கும் பாப்பமே."

"சாயங்காலம் வேணாம்."

"மழ வேற ஊத்துது. ஒனக்கு பயம் ஜாஸ்தியாயிடுச்சு."

அவர் சொன்னதில் தப்பில்லை. என்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். குழந்தையைத் துண்டில் சுற்றி, தடுப்பூசி அட்டையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டாகக் கிடந்தது. வயிறு சரியாகத் தெரியவில்லை, கையை வைத்துப் பார்த்தேன். புவனகிரியில் பஸ் நின்று ஆள் ஏற்றியது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். அவன் உதட்டைப் பார்க்க வேண்டும், பார்க்கவும் பயம். கண்டக்டர் வந்து, "என்னாம்மா, உக்காரு" என்றார். "கொழந்தைக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். அதன்பிறகு ஆஸ்பத்திரி நிறுத்தம் வரை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி விசில் கேட்கவே இல்லை.

வார்டில் மூக்கில் குழாய் வைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். "எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்ட டாக்டரம்மாவிடம், "காலையில ஆறரை மணிலேர்ந்து" என்றேன். அவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். மத்தியானம் நனைந்த சட்டையோடு வீட்டுக்காரர் வந்தார். கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்றுகொண்டு குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் குழந்தைக்கும் அதே குழாய். மறுநாள் அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க எத்தினி நாள் பாத்துட்டுக் கொண்டாந்தீங்க?"

அன்றைக்கே என்று சொல்ல வாய் வரவில்லை. "மூணு நாளு" என்றேன்.

"நாங்களும் மூணு நாளுதான்" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

மூன்றாம் நாள் காலை அந்தக் குழந்தை இறந்துபோனது. என் பையன் அப்போது பால் குடித்துக்கொண்டிருந்தான். அவன் சப்புகிற சத்தம் அவளுக்குக் கேட்கக் கூடாது என்று முந்தானையால் மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் எங்களைப் பார்த்தாளா என்று தெரியாது. நான் அவளைப் பார்க்கவில்லை. ஆயாம்மா விரிப்பை மாற்றினார். மத்தியானத்துக்குள் அந்தக் கட்டிலுக்கு வேறு குழந்தை வந்துவிட்டது.

ஆறாம் நாள் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பையன் தேறிவிட்டான். அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய் அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, அல்லது என் பிள்ளை மட்டும் எப்படிப் பிழைத்தது என்று அவளை இன்னும் கேட்க வைக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.