மாப்பிள்ளையின் பல்லும் மாமியின் கேள்வியும்

போர் முடிந்த வருடம், கல்முனையில் என் பல் வைத்திய அறைக்கு ஒரு மாப்பிள்ளை முன்பல் பாதி உடைந்து வந்தார். மறுநாள் நிக்காஹ். சுனாமி கொண்டுபோன வீட்டை, அவருக்கு மாமியாராகப் போகும் மாமி, மகளுக்காகத் திரும்பக் கட்டியிருந்தார். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே குடிபோக வேண்டும். அந்த வீட்டுக்குள் அலுமாரி ஏற்றும்போது அதன் மூலை பல்லில் பட்டுவிட்டது.

"நாளைக்கு எப்பிடி டொக்டர் சிரிக்கிற?" என்று அழாக்குறையாகக் கேட்டார். மாமியும் கூடவே வந்து பக்கத்தில் நின்றார்.

பல்லில் அமிலம் பூசி, கழுவி, உலர்த்தினேன். இனி எச்சில் படக்கூடாது. இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து, "வாய மூடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பசையை எடுத்தேன்.

"அது என்ன?" என்றார் மாமி.

"ஒட்டுற பசை. பயப்படாதீங்க, மிருகங்களுக்குப் பூசிச் சோதிச்சுப் பாத்த சாமான்."

"எந்த மிருகம்?"

ஆடு என்று சொல்லியிருந்தால் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பேன். எனக்கோ படித்ததை அப்படியே ஒப்புவிக்கும் வியாதி. "எலி, நாய், சில இடத்துல பண்டி..."

"யா அல்லாஹ்!" பன்றி என்றதும் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிப்பாட்டுங்க. மௌலவிட்ட கேக்காம ஒண்டும் பூச வேணாம்."

மாமி தொலைபேசியில் அழைத்தபோது மௌலவி தொழுகையில் இருந்தார். மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஞ்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? கடைசியில் மௌலவி பேசினார். மாமி தொலைபேசியை என் காதில் வைத்தார்.

"பண்டில இருந்து எடுத்த சாமானா, பண்டிக்குப் பூசிப் பாத்த சாமானா?"

"பூசிப் பாத்தது."

"அப்ப கஷ்டம் பண்டிக்குத்தானே. மாப்பிள்ளைக்கு என்ன? பூசுங்க."

"அதே போத்தல் இல்லதானே?" என்று மாமி மட்டும் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

அமிலத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கி, ஒருவழியாகப் பல்லை முடித்தேன். கண்ணாடியைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது மாமி முக்காட்டை விலக்கி வாயைத் திறந்து காட்டினார். அவருக்கும் ஒரு பல் உடைந்திருந்தது.

"இருங்க, இப்பவே செஞ்சி விடுறன்" என்றேன்.

"இப்ப வேணாம் டொக்டர். மருமகன் ஒரு மாசம் திண்டு பாக்கட்டும். அவருக்கு ஒண்டும் ஆகல்ல எண்டா வாறன்."