சீதனமாகக் கொடுக்க முடியாத தோட்டம்

போன கிழமை பேராதனைக்குப் போய் வந்தேன். உடம்பு வலி இன்னும் தீரவில்லை.

என் தோட்டப் பைத்தியம் இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குப் புதிதல்ல. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே அரசாங்கப் பூந்தோட்டம் இருக்கிறதா என்று விசாரிப்பேன். பார்த்ததில் ஒன்றையாவது எங்கள் ஊர் நாவற்குடா மணலில் செய்து பார்ப்பேன். மலைநாட்டு மண் எங்கே, எங்கள் மணல் எங்கே? ஆனாலும் விடுவதில்லை.

முதல் தடவை நான் போனது, சண்டையால் எங்கள் ஊருக்கு ரயில் வராத காலத்தில். பதுளை வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் பேராதனைக்குப் போனேன். அங்கே பனை மரங்கள் வரிசை பிடித்து நின்ற அழகைப் பார்த்துவிட்டு வந்துதான், எங்கள் கேட்டிலிருந்து வாசல் வரை இரண்டு பக்கமும் கமுகு வைத்தேன். இன்னொரு தடவை அங்கே பார்த்த கொடிப்பந்தல்தான் இப்போது எங்கள் முற்றத்தில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறது. கச்சான் காற்று மண்ணை வறட்டி அடிக்கிற மாதங்களில் துலாவில் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றியே என் இடுப்பு போய்விட்டது.

சரி, இந்தத் தடவை ஏன் போனேன்? வீட்டில் இருக்க முடியாமல் போனேன். அதுதான் உண்மை.

வருகிற ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாயார் செங்கலடியிலிருந்து வீடு பார்க்க வந்திருந்தார். நல்ல மனுஷி, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு முற்றத்தில் இறங்கி நின்று சுற்றிலும் பார்த்தார்.

“அண்ணன், பந்தல எங்க போடப் போறீங்க?”

முற்றம் முழுக்கத் தோட்டம். பந்தல் போட வேறு இடம் கிடையாது. பூமரங்களை எடுத்துவிட்டால் தாராளமாக இடம் வருமே என்று அவரே வழியும் சொன்னார். பிறகு அந்த இடத்தில் தன் மகன் ஒரு பசுமாடு கட்டலாம் என்றும் சொன்னார். எல்லாம் சிரித்த முகத்தோடுதான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் ஆனால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பக்கத்தில் சின்னதாய் ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். எங்களுக்கும் பின்பக்கம் ஒரு துண்டுக் காணி இருக்கிறது... அதுவும் மனைவி பேரில். அங்கே ஒரு புல் கூட முளைத்ததில்லை.

முதலில் தாய் வீட்டில் தோட்டம் போட்டேன். அது தங்கச்சிக்குப் போனது. பிறகு மனைவி வீட்டில் போட்டேன். அது இப்போது மகளுக்குப் போகிறது. வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தக் கொடிப்பந்தலில் கத்தி வைக்க என் கையால் முடியாது.

அறுபதை நெருங்குகிற ஒருவன் மூன்றாந்தரமும் வெறும் மணலில் தொடங்குவதா? போதும். கல்யாணத்தோடு மண்வெட்டியைக் கழுவி வைத்துவிடுவேன், இனி ஒரு செடியும் நட மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டு அரிசி புடைத்தாள்.

மகள்தான் எங்களைப் பேராதனைக்கு அனுப்பினாள். புது வளவுக்கு ஏதாவது யோசனை கிடைக்கும் என்றாள். அவளுக்கும் மனம் கேட்கவில்லை, பாவம். என் மனைவி பூந்தோட்டம் பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. என் தோட்டத்தைத் திட்டாத நாள் அவளுக்குக் கிடையாது. மிளகாய் வைக்கிற இடத்தில் குரோட்டன் வைத்தால் யார்தான் திட்ட மாட்டார்கள்?

முன்பெல்லாம் அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தால் எனக்குக் கால் நிற்காது. இந்தத் தடவை பாதி சுற்றுவதற்குள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எதையும் பார்த்து, இதை வீட்டில் செய்து பார்க்கலாமே என்று தோன்றவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

உட்கார்ந்து யோசித்தேன். இந்தத் தோட்டத்தில் ஒரு வசதி... இதை யாரும் சீதனமாகக் கேட்க முடியாது! ஆனால் இதை நட்டவனும் இங்கே இல்லையே. ஆற்றங்கரையில் அத்தனை பெரிய மரங்களை எவன் வைத்தானோ, அவன் ஒரு நாளாவது அவற்றின் நிழலில் உட்கார்ந்திருப்பானா? தோட்டம் என்பது தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும்தான் நம்முடையது போலிருக்கிறது. இது ஞானமா, களைப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மனைவி குடையை விரித்துக்கொண்டு தனியாகச் சுற்றினாள். வெகு நேரம் கழித்து வந்தாள். கையில் சோற்றுக் கூடை, மேலே துவாய் மூடியிருந்தது. வந்த வேகத்தில் எழும்பச் சொன்னாள். களைத்துப் போனாள் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது ரயில் வாழைச்சேனையைத் தாண்டியது. சாப்பாடு எடுக்கக் கூடையைத் திறந்தாள். வாழையிலைப் பொட்டலத்துக்குக் கீழே ஈரத்துணி. அதற்குள் ஒரு செவ்வரத்தைக் கொப்பு, அதுதான் செம்பருத்தி, சாண் நீளத்தில்!

பெட்டியில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் ஒரு இலையைத் தொட்டாலும் காவல்காரன் ஓடி வருவான். நான் தொட்டது கிடையாது. இவள் முறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இனி நட மாட்டேன் என்று சொன்னேனே என்று மெதுவாகக் கேட்டேன்.

“காணி என்ட பேரில இரிக்கு. நடுங்க,” என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இவ்வளவு தூரம் போய், அத்தனை அதிசய மரங்களுக்கு நடுவில் களவெடுக்க இவளுக்கு இதுதானா கிடைத்தது? எங்கள் தெருவில் இந்தச் செவ்வரத்தை இல்லாத வீடே கிடையாதே!

“இது நம்மட வேலி முழுக்க நிக்கிற மரம்தானே?” என்றேன்.

அவள் துணியை மறுபடியும் நனைத்துச் சுற்றினாள்.

“அது மகள்ட வேலி. இது நம்மட.”

ஊர் வரும் வரைக்கும் அந்தக் கூடையை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று நட்டுவிட்டேன். காணிக்காரியின் உத்தரவை மீற முடியுமா?