ஆகாயம் பார்த்து நின்ற தெரு

என் மாமனாரின் விரல் தடங்கள் என் மேல்கையில் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தன. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

டெக்ஸாஸில், இர்விங்கில் நாங்கள் குடியேறிய புதிது. எண்பதுகளின் நடுப்பகுதி. மாமியார் இறந்தபின் ஊரில் தனியாக இருந்த மாமனாரை, ஆறு மாதம் எங்களோடு இருக்கட்டும் என்று கணவர் அழைத்து வந்திருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருக்குப் பொழுது போகட்டுமே என்றுதான் அந்தச் சனிக்கிழமை விமானக் காட்சிக்குக் கூட்டிப் போனோம். உலகப்போர்க் கால விமானங்களைப் பழுதுபார்த்துப் பறக்கவிடும் விழா அது. புல்வெளி முழுக்க மடக்கு நாற்காலிகள், குளிர்பானப் பெட்டிகள், தொப்பி போட்ட குடும்பங்கள்.

இறக்கையில் ஜப்பான்காரர்களின் சிவப்பு வட்டம் தீட்டிய விமானங்கள் வரிசையாகத் தாழ்ந்து வந்தன. ஓடுபாதைக்கு அப்பால் வேட்டுப் போட்டுக் கரும்புகையைக் கிளப்பினார்கள். கூட்டம் கைதட்டியது. நான் மூன்று வயது மகனைத் தலைக்கு மேல் தூக்கி, "அதோ பாரு கண்ணா" என்றேன். பின்னாலிருந்து என் மேல்கையில் ஒரு பிடி. என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கி, புல்லில் கிடத்தி, மாமனார் அவன்மேல் குப்புறக் கவிழ்ந்துவிட்டார். குழந்தை வீறிட்டான். கைதட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, இது வெறும் ஷோப்பா! எல்லாரும் பாக்கறாங்க, எழுந்திரிங்க!" கணவரின் குரலில் கவலையைவிடக் கூச்சமே அதிகம்.

திங்கட்கிழமை நான் விடுப்பு எடுத்திருந்தேன். கணவர் கிளம்பியதும் மாமனார் சமையலறைக்கு வந்து நின்றார்.

"கை வலிக்குதாம்மா?"

"இல்ல மாமா."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மேசையைப் பார்த்தபடியே சொன்னார். கல்யாணமான புதிதில் ரங்கூனில் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்தாராம். என் மாமியாரோடு நடந்த கல்யாணம் அல்ல, அதற்கு முந்தியது. ஒரு பெண் குழந்தை. போர் நெருங்குகிறது என்று ஊருக்குக் கப்பல் விசாரிக்கத் துறைமுகம் போய்விட்டுத் திரும்பிய காலையில் அபாயச் சங்கு ஊதியிருக்கிறது.

"யாரும் ஓடலம்மா. குண்டுன்னா என்னன்னு அதுவரைக்கும் யாருக்குத் தெரியும்? தெருவே வெளிய வந்து ஆகாயத்தப் பாத்துட்டு நின்னுச்சு. வெயில்ல பிளேன் வெள்ளி மாதிரி மின்னுச்சு. நான் தெருமுனையில வர்றேன். அவ குழந்தையத் தூக்கிக் காட்டிட்டிருந்தா. என்னைப் பாத்துச் சிரிச்சா."

மேசை ஓரத்தை விரலால் தேய்த்தார். "திரும்ப நான் கண்ணத் தொறந்தப்ப அங்க தெருவே இல்ல" என்றார்.

ஆற்றில் கப்பல்களும் கரையில் கிடங்குகளும் எரிந்துகொண்டிருந்தனவாம். அந்தப் புகைக்குள் சாயங்காலம்வரை தேடியிருக்கிறார். பிறகு கிடைத்த கப்பலில் சென்னைக்கு வந்திருக்கிறார். வழியில் எந்த இரைச்சல் கேட்டாலும் மேல்தளத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வார்களாம், அதுவே போதும் என்பதுபோல.

"அத்தைக்குத் தெரியுமா மாமா?"

"சொல்லித்தான் கட்டிக்கிட்டேன். பையனுக்குச் சொல்ல வாய் வரல."

"சொல்லிடுங்க மாமா. அன்னிக்கு உங்களத் திட்டிட்டோமேன்னு அவரும் தூங்காமத்தான் இருக்கார்."

அன்று மாலையே சொன்னார். கணவர் அலுவலக உடையோடு தரையில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அக்கா பேரு என்னப்பா?"

"சரோஜா" என்றார் மாமனார். "பேரு இருக்குடா. முகம்தான் வரமாட்டேங்குது." நாற்பது வருடம் கழித்து அவளுக்காக எங்கள் வீட்டில் ஒருவர் அழுதார். அது என் கணவர்.

மாமனார் ஊர் திரும்பி, அங்கேயே காலமானார். நாங்கள் இன்னும் இர்விங்கில்தான் இருக்கிறோம். விமான நிலையம் பக்கம் என்பதால் கூரைக்கு மேல் ஓயாமல் விமானங்கள். பேத்திக்கு அவற்றை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். அவள் கொல்லைப்புறம் ஓடும்போதெல்லாம் என் கணவரும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, முழங்கால் வலியோடு பின்னால் போகிறார். அவள் மேலே பார்க்கிறாள். அவர் அவளையே பார்க்கிறார்.

"தாத்தா, இட்ஸ் ஜஸ்ட் எ பிளேன்" என்று சிரிக்கிறாள்.

"தெரியும்மா" என்கிறார். சத்தம் முழுதாகத் தேய்ந்து மறையும்வரை அவள் கையை விடுவதில்லை.